மூன்று பேர் கூடுதல்

அந்த அக்கா வகுப்பில் எழுந்து நின்றாலே நாங்கள் பேனாவை மூடி வைத்துவிடுவோம். என்ன கேட்கப் போகிறாள் என்பது ஐம்பது பேருக்கும் தெரியும். கேட்டதும் சாரின் முகம் எப்படிப் போகும் என்பதும் தெரியும்.

"சார், இது யாரு எண்ணுனது?"

கரும்பலகையில் சார் மேனேஜ்மென்ட் அக்கவுண்டிங் கணக்கு ஒன்றை எழுதியிருப்பார். ஒரு தொழிற்சாலை மாதம் ஐயாயிரம் பொருள் செய்கிறது, வாடகையும் சம்பளமும் இவ்வளவு, ஒரு பொருளுக்கு மூலப்பொருள் இவ்வளவு, நட்டமில்லாமல் நிற்க எத்தனை விற்க வேண்டும். நாங்கள் கால்குலேட்டரைத் தட்டி, விடையை எழுதி, அடியில் இரண்டு கோடு இழுத்து முடித்திருப்போம். அக்கா மட்டும் முதல் வரியின் ஐயாயிரத்திலேயே நிற்பாள்.

"புத்தகம் எழுதினவன் எண்ணினான். ஒக்காரும்மா."

"அவன் அங்க போயி பாத்தானா சார்?"

வகுப்பு சிரிக்கும். சார் சிரிக்க மாட்டார். "இன்னும் மூணு யூனிட் கெடக்கு. ஒனக்குப் பதில் சொல்லிட்டு இருந்தா நான் எப்போ முடிக்க?" என்று சாக்பீஸை மேசையில் போடுவார். அக்கா உட்காருவாள். உட்கார்ந்த பிறகும் அந்தக் கணக்கைத் தொட மாட்டாள். பக்கத்தில் இருக்கிற எனக்குத்தான் எரிச்சல் வரும்.

பி.காம் கடைசி வருஷம், மத்தியான ஷிஃப்ட். எனக்கு இருபது வயது. அவளுக்கு இருபத்தொன்பது. மார்த்தாண்டத்தில் பாத்திரக் கடை வைத்திருப்பவரின் மகள் நான். அவள் கீரிப்பாறைக்கும் மேலே, ஒரு தனியார் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்காரி. விடியும் முன்பே மரத்தில் கத்தி வைத்து, பாலெடுத்து ஊற்றிவிட்டு, குளித்து, இரண்டு பஸ் மாறி ஒன்றரை மணி வகுப்புக்கு வருவாள். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் விரல் இடுக்கில் ரப்பர் பால் கொஞ்சம் காய்ந்து ஒட்டியிருக்கும். பாடம் நடக்கும்போது அதை உரித்து உரித்து உருட்டுவாள். நாலரைக்கு மணியடிக்கும்போது டெஸ்க்கில் மிளகளவு உருண்டை ஒன்று இருக்கும். பெஞ்சை அழுக்காக்குகிறாள் என்று யாரோ சொன்னதிலிருந்து அதைப் பேனா மூடிக்குள் போட்டு எடுத்துப் போக ஆரம்பித்தாள்.

அவளுக்கு இந்தப் பட்டம் அலங்காரத்துக்கு இல்லை. தோட்டத்தின் கணக்குப்பிள்ளை ஜூன் மாதம் வேலையை விட்டுப் போகிறார். அந்த இடத்தை அக்கா முதலாளியிடம் கேட்டிருந்தாள். "டிகிரி முடிச்சிட்டு வா, பாப்போம்" என்று அவர் சொல்லியிருந்தார். மற்ற எல்லாப் பேப்பரும் கைவசம் இருந்தன. மீதி இருந்தது ஏப்ரலில் எழுத வேண்டிய கடைசிப் பருவம்தான். அதிலும் மேனேஜ்மென்ட் அக்கவுண்டிங் ஒன்றுதான் பயம். அது போனால் வேலை போகும். இதை அவள் என்னிடம் இரண்டே வரியில் சொன்னாள். பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. கவலைப்பட்டுக்கொண்டே இருந்தது நான்தான்.

இன்டெர்னல் மார்க்குக்காக இரண்டிரண்டு பேராக ஒரு தொழிலுக்குச் செலவுப் பட்டியல் போட்டுக் கொடுக்கச் சொன்னார் சார். எல்லோரும் தெரிந்த கடையில் போய் அரை மணி நேரம் பேசி, அவர் சொன்னதை எழுதி, அட்டை போட்டுக் கொடுத்துவிட்டார்கள். எனக்கு ஜோடி அக்கா. திற்பரப்பு அருவிக்குப் போகும் வழியில் ஒரு பழம்பொரிக் கடையை நான்தான் பார்த்து வைத்தேன். கடைக்கார அண்ணாச்சி நல்ல மனுஷன். நாளைக்கு எத்தனை போகும் என்று கேட்டதும், "ஞாயித்துக்கிழமைன்னா முந்நூறு போவும், எழுதிக்கோ" என்றார். எழுதினேன்.

அக்கா என் நோட்டைப் பார்த்தாள். "இது யாரு எண்ணுனது?"

"அண்ணாச்சி சொன்னாருல்லாக்கா."

"சொன்னாரு. எண்ணுனாரா?"

அன்று முழுவதும் அந்தக் கடைக்குப் பின்னால், குப்பைக் கூடை பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். ஒரு ஏத்தன் வாழைப்பழத்தை மூன்று துண்டாக்கி மாவில் தோய்த்துப் பொரிப்பார். ஆகவே விற்பதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டாம், தோலை எண்ணினால் போதும் என்பது அக்காவின் கண்டுபிடிப்பு. ஈரத் துணியோடு அருவியிலிருந்து ஏறி வருகிறவர்கள் எல்லாம் எங்களை வேடிக்கை பார்த்தார்கள். எனக்கு மானம் போயிற்று. யாரோ தெரிந்தவர் வந்துவிடக் கூடாதே என்று துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டிருந்தேன். சாயங்காலம் கணக்கு முடிந்தது. எழுபத்தொரு தோல், இருநூற்றிப் பதிமூன்று துண்டு.

அண்ணாச்சிக்கு முதலில் கோபம். நாங்கள் வரி ஆபீஸ் ஆட்கள் என்றுகூட ஒரு நிமிஷம் சந்தேகப்பட்டார். பிறகு கரண்டியைக் கீழே வைத்தார். "அப்போ நான் முந்நூறுக்குல்லா மாவு கரைச்சு மிச்சத்தக் கொட்டிட்டு இருந்திருக்கேன்! சவம், நாலு வருசமா!" சந்தோஷமா துக்கமா என்று தெரியாத முகம். ஆளுக்கொரு பழம்பொரி காசில்லாமல் கொடுத்தார். நான் வாயில் வைத்ததும் அக்கா சொன்னாள், "இந்த ரெண்டையும் தனியா எழுது மக்கா. தின்னதும் கணக்குதான்."

அந்தப் பட்டியலுக்கு எங்களுக்கு இருபத்தைந்துக்குப் பதினாறு. பக்கம் அதிகம் என்று சார் சிவப்பு மையில் எழுதியிருந்தார். அரை மணி நேரத்தில் முடித்தவர்களுக்கு இருபத்திரண்டு. நான் அக்காவோடு இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவளே என் நோட்டில் மார்ஜின் கோடு போட்டுக்கொண்டு, "கோவமா மக்கா?" என்றாள். அதற்கு மேல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள முடியவில்லை.

பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கும்போது அவளுக்குச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தேன். சூத்திரம் எல்லாம் அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தெரியாதது ஒன்றுதான், வேகம். ஒவ்வொரு எண்ணுக்கும் அது எங்கிருந்து வந்தது என்று கீழே ஒரு குறிப்பு எழுதுவாள். மூன்று மணி நேரப் பரீட்சையில் இது நடக்காது. கேள்வித்தாளில் இருப்பதை இருப்பதாக எடுத்துக்கொள்ள வேண்டும். இதை அவள் தலையில் ஏற்றுவதற்குள் எனக்கு வெப்ராளம் பிடித்துவிட்டது.

"அக்கா, ஹாலுல யாரு எண்ணுனதுன்னு கேக்கப்பிடாது. சத்தியம் பண்ணு."

"செரி, கேக்கல்ல."

"மனசுலயும் கேக்கப்பிடாது."

அதற்குச் சிரித்தாள். சத்தியம் செய்தாள்.

பரீட்சை அன்று எனக்கு இரண்டு வரிசை முன்னால் அவள். முதல் ஒன்றே முக்கால் மணி நேரம் அவள் பேனா நிற்காமல் ஓடியதைப் பார்த்து எனக்கு உயிர் வந்தது. பிறகு பதினைந்து மார்க் கணக்கு வந்தது. ஒரு குழுவில் மொத்தம் முப்பது தொழிலாளர்கள். நன்கு தேர்ந்தவர் பதினைந்து, ஓரளவு தேர்ந்தவர் பத்து, தேராதவர் எட்டு. இவர்களுக்கு ஆக வேண்டிய கூலிக்கும் ஆன கூலிக்கும் உள்ள வித்தியாசத்தைக் காண்க.

கூட்டிப் பார்த்தால் முப்பத்துமூன்று.

நானும் கூட்டினேன். இரண்டு தடவை கூட்டினேன். அச்சுப் பிழை என்று தெரிந்தது. ஆனால் என் கை அதற்குள் வேலையைப் பார்த்துவிட்டது. எட்டை ஐந்தாக்கினால் முப்பது வந்துவிடும், கணக்கு வழுக்கிக்கொண்டு போகும். இப்படி நாங்கள் மூன்று வருஷமாகச் செய்துகொண்டுதான் இருந்தோம். ஐந்தொகையில் இரண்டு பக்கமும் சரியாக வராவிட்டால் வராத தொகையை ஏதாவது ஒரு தலைப்பில் போட்டு நேராக்குவது வகுப்பில் எல்லோருக்கும் கைவந்த கலை. தேராதவர் ஐந்து என்று எழுதி, விடை கண்டு, இரண்டு கோடு இழுத்தேன்.

நிமிர்ந்து பார்த்தால் அக்காவின் பேனா நின்றிருந்தது. இடது கை விரல்களை உரித்துக்கொண்டிருந்தாள். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். எழுந்துவிடாதே, அடுத்த கேள்விக்குப் போ என்று மனசுக்குள் கத்தினேன். அந்தக் கேள்விக்கு மாற்றாக ஒரு கேள்வி இருந்தது, அதை எழுதலாம். எழுந்துவிட்டாள்.

ஹால் சூப்பர்வைசர் வேறு கல்லூரியிலிருந்து வந்த தாவரவியல்காரர். "என்னம்மா?"

"சார், இதுல மூணு பேரு கூடுதலா இருக்காங்க."

"எங்க?"

"முப்பது பேருன்னு போட்டிருக்கு. கூட்டினா முப்பத்துமூணு."

அவர் கேள்வித்தாளை வாங்கிப் பார்த்தார். அது அவர் பாடம் இல்லை. "உள்ளதை வச்சு எழுதும்மா" என்றார். "உள்ளதை வச்சா வரல்ல சார்" என்றாள். அவர் ஹாலைப் பார்த்து, "வேற யாருக்காவது இந்தப் பிரச்சினை இருக்கா?" என்று கேட்டார். எல்லோரும் தாளில் குனிந்து எழுதிக்கொண்டே இருந்தார்கள். அவர் வரிசையாக நடந்து வந்து என் பக்கத்தில் நின்றார். என் தாளில் விடை பளிச்சென்று இருந்தது.

"ஒனக்கு வந்துட்டா?"

"வந்துட்டு சார்."

"கூட்டினா செரியா இருக்கா?"

அக்கா திரும்பி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருக்கு சார்" என்றேன்.

பயத்தில் சொன்னேன் என்று பல வருஷம் சொல்லிக்கொண்டேன். பயம் இல்லை. வரவில்லை என்று சொன்னால் போட்ட கணக்கை அடிக்க வேண்டும், அதைப் பற்றிப் பேச வேண்டும், ஐந்து நிமிஷம் போகும். அந்த ஐந்து நிமிஷத்தைக் கொடுக்க எனக்கு மனசில்லை. அவ்வளவுதான்.

அக்கா உட்கார்ந்துவிட்டாள். அவள் என்னைச் சந்தேகப்படவில்லை. கேள்வித்தாளை மறுபடி முதல் வரியிலிருந்து வாசிக்க ஆரம்பித்தாள். தான்தான் எங்கோ பார்க்கத் தவறிவிட்டோம் என்று தேடினாள். புத்தகக்காரன் சொன்னதையும் அண்ணாச்சி சொன்னதையும் ஏற்காதவள், நான் சொன்னதை மட்டும் யாரு எண்ணுனது என்று கேட்காமல் எடுத்துக்கொண்டாள். முக்கால் மணி நேரம் அந்த மூன்று பேரைத் தேடினாள். கடைசியில் பக்கம் முழுவதையும் குறுக்கே அடித்துவிட்டு, மாற்றுக் கேள்வியை ஆரம்பித்தபோது எச்சரிக்கை மணி அடித்துவிட்டது.

வெளியே வந்து, "எனக்கு மட்டும் வரல்ல மக்கா" என்றாள். நான் பஸ் வந்துவிட்டது என்று ஓடினேன்.

மார்த்தாண்டம் சந்தையில் அவள் மீன் வாங்குவதைப் பார்த்திருக்கிறேன். கூறு கட்டி வைத்த சாளையை ஒவ்வொன்றாக எண்ணுவாள். மீன்காரி கத்துவாள். ஒரு தடவை கூறில் ஒரு மீன் கூடுதல் இருந்தது. அதை எடுத்துத் திரும்ப வைத்தாள். "கூடுனாலும் குறஞ்சாலும் தப்பு தப்புதான், கேட்டியா" என்றாள். மீன்காரி அதற்கும் கத்தினாள். பரீட்சை முடிந்த அந்த விடுமுறையில் எனக்கு அந்தக் கூடுதல் சாளைதான் திரும்பத் திரும்ப ஞாபகம் வந்தது.

ரிசல்ட்டுக்கு முன்னால் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு அறிவிப்பு வந்தது. அந்தக் கேள்வி பிழையானது, அதை எழுத முயன்ற எல்லோருக்கும் முழு மதிப்பெண். குழுவில் ஒரே கும்மாளம். எனக்கு முழுசாகப் பதினைந்து கிடைத்தது. அக்கா அடித்த பக்கம் முயன்றதில் சேராது. நான்கு மார்க்கில் அந்தப் பேப்பர் போயிற்று. நவம்பரில் மறுபடி எழுதி அறுபதுக்கு மேல் வாங்கினாள். ஆனால் ஜூனிலேயே கணக்குப்பிள்ளை நாற்காலியில் முதலாளியின் மச்சினர் உட்கார்ந்துவிட்டார்.

ரிசல்ட் வந்த பத்தாம் நாள் கீரிப்பாறை பஸ் ஏறினேன். நல்ல மழைக்காலம், வெட்டு இல்லை. வீட்டு வாசலில் அக்கா பால்கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் பாலில்லாத கட்டஞ்சாயா போட்டுக் கொடுத்தாள். நான் குடித்து முடித்ததும் டம்ளரை வாங்கி வைத்தாள். பிறகு கேட்டாள்.

"ஒனக்கு எப்படி மக்கா வந்தது?"

வழியெல்லாம் எத்தனையோ யோசித்து வைத்திருந்தேன். சொன்னது இவ்வளவுதான். "எட்டை அஞ்சாக்கிட்டேன்க்கா."

"தேராதவங்களயா?"

"ஆமா."

"அந்த மூணு பேரையும் எங்க கொண்டு போட்ட?"

நான் அழுதுவிட்டேன். அவள் கத்தியை உறையில் போட்டு ஆணியில் மாட்டினாள். அதன் பிறகுதான் அவள் அம்மாவின் கதையைச் சொன்னாள்.

அவள் வெட்டுகிற இதே பகுதியை முன்பு வெட்டியது அவள் அம்மா. இங்கே கூலி மரக்கணக்கில்தான். பதிவேட்டில் அந்தப் பகுதிக்கு முந்நூற்றைம்பது மரம் என்று எழுதியிருக்கிறது. கூடுதல் இருக்கிறது என்று வெட்டுகிறவளுக்குத் தெரியாதா? அம்மாவுக்கு எழுத்து தெரியாது. மரத்துக்கு ஒரு ரப்பர் கொட்டையாகப் பையில் போட்டு, அதை ஆபீசுக்குத் தூக்கிக்கொண்டு போனாள். பத்து வயசு மகளும் கூடப் போனாள். மகள் எண்ணிச் சொன்னாள், முந்நூற்றி எண்பத்தொன்று. அப்போது இருந்த பெரிய முதலாளி பையைப் பார்த்துவிட்டுக் கேட்டார், "இது யாரு எண்ணுனது? நீயா?" ஆபீசில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அம்மா பையை வாங்கிக்கொண்டு வெளியே வந்து கொட்டையை ஓடையில் கொட்டினாள்.

வகுப்பில் நாங்கள் சிரித்த கேள்வி அவளுடையதே இல்லை. அவள் அம்மா முதலாளி வாயால் கேட்டு நின்ற கேள்வி.

"இப்போவும் நான் சொன்னா, வெட்டுகாரி கூட்டித்தான் சொல்லுவான்னு சொல்லுவாவ" என்றாள். "அதுக்குத்தான் அந்த நாற்காலி கேட்டேன். செரி, போச்சு. நீ வந்ததுதான் வந்த. செருப்பக் கழத்திட்டு வா, எண்ணுவோம்."

மழைக்காலத்தில் பால் பிடிக்கிற சிரட்டைகளை எல்லா மரத்திலும் கவிழ்த்து வைத்திருப்பார்கள். நான் முன்னால் எண்ணிக்கொண்டே நிமிர்த்திப் போக வேண்டும். அவள் பின்னால் தனியாக எண்ணிக்கொண்டே கவிழ்த்து வருவாள். "ஒனக்கு எம்பிடு வந்ததுன்னு என்கிட்ட சொல்லாத, நானும் சொல்லல்ல. ரெண்டு பேரும் தாளுல எழுதி வைப்போம்." சரிவில் வழுக்கியது. காலில் அட்டை ஏறியது. இரண்டு மணி நேரம் கழித்து ஓடைக் கரையில் நின்றோம். என் தாளில் முந்நூற்றி எழுபத்தொன்று. வாங்கிப் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"இன்னொரு தரம் எண்ணு."

"ஒனக்கு எம்பிடுக்கா?"

"எண்ணு மக்கா."

அவள் எண்ணைத் தெரிந்துகொண்டால் என்னுடையதை ஒரு நொடியில் நேராக்கிவிடலாம். அது அவளுக்கும் தெரியும். தாளை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு நின்றாள். மழை தூற ஆரம்பித்திருந்தது. கடைசி பஸ்ஸுக்கு அதிக நேரம் இல்லை. நான் மறுபடியும் மேலே ஏறினேன். இந்தத் தடவை பாறைக்குப் பின்னால் ஓடையை ஒட்டி ஒரு மரம் இருந்தது. முதலில் அங்கே இறங்காமல் போயிருந்தேன். முந்நூற்றி எழுபத்திரண்டு. எழுதிக் கொடுத்தேன். முந்தானையை அவிழ்த்துத் தன் தாளைக் காட்டினாள். அதிலும் அதேதான்.

"அம்மா எண்ணுனதுல ஒம்பது காத்துல சாஞ்சிருக்கு" என்றாள். இரண்டு தாளையும் ஒன்றாக மடித்தாள்.

அங்கிருந்து நேரே ஆபீசுக்குப் போனோம், அது புகை போட்டு ரப்பர் உலர்த்தும் புகைப்புரைக்குப் பக்கத்தில். காயப் போட்ட ஷீட் வாசனை அறைக்குள் வரை வந்தது. இப்போதைய முதலாளி, பெரிய முதலாளியின் மகன், பதிவேடு பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து நாற்காலியில் மச்சினர். அக்கா இரண்டு தாளையும் மேசையில் வைத்து, "நாலாம் பகுதியில முந்நூத்தி எழுவத்திரண்டு மரம் உண்டு. முந்நூத்தம்பதுன்னு எழுதியிருக்கு" என்றாள். அவர் தாளைப் புரட்டினார். கண்ணாடிக்கு மேலே எங்களைப் பார்த்தார்.

"இது யாரு எண்ணுனது?"

அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். பரீட்சை ஹாலில் பார்த்த அதே பார்வை.

"நான் எண்ணினேன்" என்றேன். "மொதல்ல ஒண்ணு விட்டுப் போச்சு. திரும்பவும் போயி எண்ணினேன். ஒங்களுக்குச் சந்தேகம்னா இப்பவே வாங்க, இன்னொரு தரம் எண்ணுவோம்."

அவர் வெளியே பெய்கிற மழையைப் பார்த்தார். என் முட்டு வரை அப்பியிருந்த சேற்றைப் பார்த்தார். பிறகு பதிவேட்டை மச்சினர் பக்கம் தள்ளி, "மாத்தி எழுது" என்றார்.

கடைசி பஸ் போய்விட்டிருந்தது. அன்று அக்கா வீட்டில்தான் தங்கினேன்.